விரல் படிக்கும் வாழ்த்து

நூலுக்குத் திறனாய்வு உண்டு. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் திறனாய்வு உண்டு. ஆனால் ஒருவர் தம் கையால் செய்து மற்றொருவருக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையைத் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கருதுவதில்லை. விழா முடிந்ததும் அது மேசையின் இழுப்பறைக்குள் சென்றுவிடுகிறது. அல்லது குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலும், அன்போடு செய்து தந்த ஒன்றில் குறை காண்பது முறையா என்னும் தயக்கமும் நம்மைத் தடுக்கிறது. அன்பை எடைபோட நமக்கு உரிமையில்லை என்பது உண்மையே. ஆயினும், அன்பு ஒரு பொருளின் வாயிலாகப் பேச முன்வரும்போது, அப்பொருள் அன்பின் சொல்லைச் சரியாகக் கொண்டுசேர்க்கிறதா என்று வினவுவது நியாயமான கேள்வியே ஆகும். அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறோம்.

வாழ்த்துகள் கைப்பேசித் திரையில் ஒரு நொடியில் வந்துசேரும் காலம் இது. ஆயினும் திருவருகைக் காலத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் மையும் பசையும் பரப்பி, அட்டை செய்வோரை நம் பங்குகளில் இன்றும் காண்கிறோம். அவர்கள் நாடுவது இரண்டு நயங்களை: ஒன்று வண்ணம், மற்றொன்று தொட்டால் தட்டுப்படும் மேடுபள்ளம். பின்னதை நாம் ஈண்டுத் தொடுநயம் என்று அழைப்போம். அச்சகத்தார் இதனை எம்போசிங் என்பர்; புடைப்பு வேலை என்றும் சொல்லலாம். இவ்விரு நயங்களும் ஒன்றோடொன்று எவ்வாறு உறவாடுகின்றன, எப்போது வாழ்த்துக்குத் துணை நிற்கின்றன, எப்போது அதை மறைத்துவிடுகின்றன என்பதே நம் ஆய்வுப் பொருள்.

மையின் இருவேறு இயல்புகள்

பொருளை அறியாமல் கலையை மதிப்பிட இயலாது. எனவே முதலில் மையைப் பார்ப்போம். அட்டைக் கலையில் பெரிதும் வழங்கும் மைகள் இருவகையின. சாய மை என்பது நீரில் கரைந்த நிறம். அது தாளின் நார்களுக்குள் இறங்கி விரைவில் உலர்ந்துவிடும். நீர் பட்டால் பரவும். ஒரு நிறம் மற்றொன்றோடு மெல்லக் கலந்து வானத்தின் மாலை நேரத்தை ஒத்த சாயலைத் தரும். நிறமி மை என்பது கரையாத நுண்துகள்களாலானது. அது தாளின் மேற்பரப்பில் தங்கி மெதுவாக உலரும். கோடு கூர்மையாக நிற்கும். ஒன்று தாளோடு ஒன்றிப்போவது. மற்றொன்று தாளின்மேல் அமர்ந்திருப்பது.

மெதுவாக உலரும் இத்தன்மையைப் பயன்படுத்தியே வெப்பப் புடைப்பு என்னும் முறை அமைந்துள்ளது. ரப்பர் அச்சினை நிறமி மையிலோ, நிறமற்ற ஒட்டும் மையிலோ ஒற்றித் தாளில் பதிக்கின்றனர். ஈரம் உலர்வதற்குள் அதன்மேல் புடைப்புப் பொடியைத் தூவுகின்றனர். வெப்பத்தில் உருகக்கூடிய பிசின் துகள்களே இப்பொடி. மை உள்ள இடத்தில் பொடி ஒட்டிக்கொள்ள, எஞ்சியதைத் தட்டிப் புட்டியிலேயே மீண்டும் சேர்த்துவிடலாம். பின்னர் வெப்பக் காற்றுக் கருவியைக் காட்டினால், மணல் தூவியதுபோல் மங்கிக் கிடந்த கோடு சட்டென உருகி, பளபளப்போடு மேடாக எழுகிறது. அளவுக்கு மீறிச் சூடாக்கினாலோ, உருகிய பிசின் தாளுக்குள் இறங்கி மேடு தட்டையாகிவிடும், தாளும் வளைந்துவிடும். எங்கே நிறுத்துவது என்று அறிவதே இங்குத் திறமை.

மையே இல்லாத புடைப்பு முறை ஒன்றும் உண்டு. வடிவம் வெட்டப்பட்ட தகட்டின்மேல் தாளைக் கவிழ்த்து வைத்து, முனை மழுங்கிய கருவியால் ஓரங்களை அழுத்தித் தடவினால், தாளின் நார்கள் நீண்டு கொடுத்து அவ்வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். இரு அச்சுத் தகடுகளுக்கிடையே தாளை வைத்து உருளையில் செலுத்துவதும் இதே தத்துவந்தான். மெல்லிய தாள் கிழியும். நார் நீண்ட கனத்த தாளே இதற்கு ஏற்றது.

இவ்விரண்டையும் இணைக்கும் அழகிய முறை ஒன்றை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வெள்ளைத் தாளில் நிறமற்ற பொடியால் கோடுகளைப் புடைக்கச் செய்து, அதன்மேல் சாய மையைத் தூரிகையால் பரப்புகின்றனர். பிசின் மேடு மையை ஏற்க மறுக்கிறது, தாள் ஏற்றுக்கொள்கிறது. துணியால் மெல்லத் துடைத்தால், நிறத்தின் நடுவே வெள்ளைக் கோடுகள் துலங்கி நிற்கும். சோழமண்டலக் கரையின் பழைய கலம்காரித் துணிகளில் நீலச் சாயம் புகக்கூடாத இடங்களை மெழுகால் காத்தனரே, அந்த அறிவின் உறவுமுறைதான் இதுவும். நிறம் எங்கே இருக்கக்கூடாது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு நிறம் தீட்டும் கலை இது. கைவினை அட்டைகளில் நம் மதிப்பைப் பெரிதும் பெறுவது இம்முறையே எனலாம்.

ஒளியும் நிழலும்

வண்ணமும் புடைப்பும் ஒரே கண்ணுக்குத் தோன்றினாலும் அவை கேட்கும் ஒளி ஒன்றன்று. வண்ணத்திற்கு நிறைந்த ஒளி வேண்டும். புடைப்புக்கோ சாய்ந்து விழும் ஒளி வேண்டும். ஏனெனில் மேட்டைக் கண்ணுக்குக் காட்டுவது அதன் நிழலே. நேர் ஒளியில் மறையும் வெள்ளைப் புடைப்பு, சாளரத்து ஓரத்தில் சாய்த்துப் பிடித்தவுடன் உயிர்பெறுகிறது. ஆகவே நிழலைக் கொல்லும் எதுவும் புடைப்பைக் கொன்றுவிடும். அடர்ந்த நிறம் கொல்லும். பளபளக்கும் பொன்பொடி அதைவிட விரைவாகக் கொல்லும். பொன் மினுக்கம் எல்லாப் பக்கமும் ஒளியை எறிவதால், கண் மினுக்கத்தைக் காண்கிறதேயன்றி வடிவத்தைக் காண்பதில்லை. இன்று நாம் காணும் அட்டைகள் பலவற்றின் தலையாய குறை இதுவே. அட்டை நெடுகப் பொன் வழிகிறது. எதற்காகப் பொன் என்ற கேள்விக்கு விடையில்லை.

இதற்கு மாறான ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு ஜப்பான் நாட்டில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்குக் கவிதைக் குழுக்கள், புத்தாண்டு வாழ்த்தாகத் தம்முள் பரிமாறிக்கொள்வதற்கென்றே மர அச்சுப் படங்களை ஓவியர்களைக் கொண்டு செய்வித்தன. சுரிமோனோ என்பது அவற்றின் பெயர். ஹொக்குசாய் போன்ற பெரும் ஓவியர்களும் அவற்றை வரைந்துள்ளனர். அவை கடையில் விற்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல. சிறு எண்ணிக்கையில் கனத்த மென்தாளில் கையால் அச்சிடப்பட்டவை. பொன், வெள்ளி நிறங்காட்டும் உலோகப் பொடிகளும், மையிடாத வெற்றுப் புடைப்பும் அவற்றில் உண்டு. ஆனால் அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று கவனித்தல் வேண்டும். பனி படிந்த இடத்தில் புடைப்பு. பறவையின் இறகில் புடைப்பு. பட்டாடையின் நெய்த பூவில் புடைப்பு. தொட்டால் உண்மையிலேயே மேடாகத் தட்டுப்படக்கூடிய பொருள் எதுவோ, அங்கேதான் தாளும் மேடாகிறது. படத்தருகே குழுவினரின் கவிதை இருக்கும். படம் அந்தக் கவிதையோடு உரையாடும். அலங்காரம் பொருளுக்குப் பணிந்து நிற்கும் நிலை இது. உலோகப் பொடியையும் புடைப்பையும் ஆடம்பரம் என்று ஒதுக்குவோருக்கு இவ்வட்டைகளே மறுமொழி.

சிறுகத்தியும் இயந்திரமும்

நம் வாசகர்களுக்கு நெருக்கமான மற்றொரு மரபுக்கு வருவோம். நம் பாட்டியரின் செபப் புத்தகங்களைத் திறந்தால், பக்கங்களுக்கிடையே திருப்படங்கள் இருக்கும். சிலவற்றின் ஓரம் பூவேலை செய்த சரிகைத் துணிபோல் நுண்ணிய துளைகளோடு அமைந்திருக்கும். அந்த ஓரத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்சு, ஃபிளாண்டர்ஸ், செர்மானிய நாடுகள் ஆகியவற்றின் துறவற மடங்களில் அருட்சகோதரிகள் தோல்தாளிலும் காகிதத்திலும் இப்படங்களைக் கையால் செய்தனர். நடுவில் ஒரு புனிதரின் வண்ண உருவம். சுற்றிலும் சிறுகத்தியால் வெட்டியெடுத்த மெல்லிய பூவேலை. அந்தச் சிறுகத்தியின் பிரெஞ்சுப் பெயரிலிருந்தே இவ்வட்டைகளுக்குக் கனிவே என்ற பெயர் வந்தது. ஒரு தவறான வெட்டு பல நாள் உழைப்பைப் பாழாக்கும். ஆகவே ஒவ்வோர் அட்டையும் ஒரு நீண்ட மௌனத்தின் பதிவு எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரம் வந்தது. இங்கிலாந்தில் டாப்ஸ் என்ற காகித நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் அடன்புரூக் என்பவர், 1834ஆம் ஆண்டில், புடைத்த தாளின் மேடுகளை அரத்தால் தேய்த்துவிட்டால் அவ்விடங்கள் துளைகளாகிச் சரிகைபோல் நிற்பதைக் கண்டறிந்தார் என்பர். புடைப்பே துளையாகும் இந்த உத்தி, சரிகைத் தாளை மலிவான பண்டமாக்கியது. பாரிசு நகரில் புனித சுல்பீசியு ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகள் சரிகை ஓரத் திருப்படங்களைப் பெருமளவில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பின. பின்னாளில் அப்பகுதியின் பெயரே, இனிப்பு மிகுந்த மலிவான பக்திக் கலைக்கு ஒரு பட்டப்பெயராக வழங்கலாயிற்று.

இந்த ஏளனத்தில் நாம் முழுமையாகப் பங்குகொள்ள விரும்பவில்லை. மடத்துக் கனிவே மிகச் சிலரின் கைகளுக்கே எட்டியது. இயந்திரப் படமோ ஏழை வீட்டுச் செபப் புத்தகத்திற்குள்ளும் இடம்பெற்றது. பலரைச் சென்றடைவதும் ஒரு நற்பண்பே. எனினும் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும். கனிவேயில் ஓரத்துப் பூவும் நடுவிலிருந்த புனிதரும் ஒரே எண்ணத்தில் பிறந்தனர். இயந்திரப் படத்தில் ஒரே சரிகை ஓரம் எல்லாப் புனிதருக்கும் பொருத்தப்பட்டது. மறைசாட்சிக்கும் அதே ரோசாப் பூ. பாலைவனத் துறவிக்கும் அதே ரோசாப் பூ. உள்ளே இருப்பவர் யார் என்று ஓரத்திற்குத் தெரியாது. குறை இயந்திரத்தில் இல்லை. ஓரம் நடுவை மறந்ததில்தான் இருக்கிறது. இன்று கையால் செய்யப்படும் அட்டையிலும் இதே குறை நேரலாம்; நேர்ந்துகொண்டும் இருக்கிறது. கடையில் வாங்கிய ஒரே பூத்தகட்டைத் திருமணத்திற்கும், நோயாளிக்கும், இறப்புத் துயரில் இருப்பவருக்கும் புடைத்து அனுப்புவது கைவேலையாயினும், மனவேலை ஆகாது.

ஒரு ஷில்லிங் அட்டை

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டையின் தொடக்கம் 1843ஆம் ஆண்டு லண்டன் நகரம் என்பது பலரும் அறிந்த செய்தி. ஹென்றி கோல் என்பவர் வேண்ட, ஜான் கால்கட் ஹார்சிலி என்ற ஓவியர் வரைந்தார். கல்லச்சில் கோடுகள் அச்சிடப்பட்டு, வண்ணம் ஒவ்வோர் அட்டையிலும் கையால் தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங். மூன்று பகுதிகள் கொண்டது அந்தப் படம். நடுவில் ஒரு குடும்பம் விருந்து மேசையில் அமர்ந்து திராட்சை மது அருந்துகிறது. ஒரு பக்கம் பசித்தோருக்கு உணவளிக்கும் காட்சி. மறுபக்கம் ஆடையற்றோருக்கு ஆடை அளிக்கும் காட்சி. மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியை அறிந்தவர்களுக்கு அப்பக்கங்கள் எதைச் சொல்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் எழுந்த எதிர்ப்பு மதுவைப் பற்றியது. குழந்தையின் உதட்டிலும் கோப்பை வைக்கப்பட்டிருப்பதை மதுவிலக்கு ஆதரவாளர் கண்டித்தனர். நம் கண்டனம் வேறு. அந்த அட்டையின் அமைப்பில் விருந்து பெரிதாக நடுவில் இருக்கிறது. ஈகை சிறிதாக ஓரத்தில் இருக்கிறது. மேலும், ஏழைக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சியைத் தாங்கிய அந்த அட்டையை வாங்க, அந்நாளைய ஏழையால் ஒரு ஷில்லிங் கொடுத்திருக்க இயலாது. ஆயினும் ஓர் உண்மையைப் பாராட்டியாக வேண்டும். ஓரங்களில் வெறும் பூவையும் கொடியையும் நிரப்பி முடித்திருக்கலாம். அவர்கள் அறச்செயலை வைத்தனர். ஓரத்தையும் பேசவைத்தனர். அட்டையின் தொடக்கத்திலேயே, அலங்காரம் பொருளோடு சேர்ந்து நடக்க முயன்றது என்பதற்கு அது சான்று.

மாடி அறையில் ஒரு பட்டறை

அட்டையில் தொடுநயத்தை வாணிகப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ்தர் ஹவ்லண்ட். 1828இல் பிறந்த அவர், 1847இல் மவுண்ட் ஹோலியோக் கல்விக்கூடத்தில் படிப்பை முடித்தார். தந்தையார் எழுதுபொருள் வணிகர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சரிகை வேலைப்பாடு கொண்ட வாலன்டைன் நாள் அட்டையைக் கண்ட எஸ்தர், அதைவிட நன்றாகத் தம்மால் செய்ய முடியும் என்று எண்ணினார். ஒரு டசன் மாதிரிகளைச் செய்து, வணிகப் பயணம் புறப்பட்ட சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலர் மதிப்புக்குக் கேட்பு வரும் என்று எதிர்பார்த்திருக்க, ஐயாயிரம் டாலருக்கு மேல் வந்தது என்பது அவரைப்பற்றி வழங்கும் செய்தி.

அவர் செய்ததென்ன? தோழியரை வீட்டின் மேல்மாடிக்கு அழைத்தார். ஒருவர் படங்களை வெட்டினார், ஒருவர் சரிகைத் தாளை அடுக்கினார், மற்றொருவர் ஒட்டினார். புடைப்பும் துளையும் கொண்ட வெள்ளைச் சரிகைத் தாளுக்கு அடியில் வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்தார் எஸ்தர். துளைகளின் வழியே நிறம் எட்டிப்பார்க்க, பூவேலை முழுவதும் துலங்கிற்று. மேடும் நிறமும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒன்றுக்கொன்று துணையாகும் நுட்பத்தை இவ்வளவு எளிதாகச் சாதித்தவர் அரியர். தாளைச் சிறு கதவுபோல் மடித்து, விரலால் தூக்கினால் உள்ளே மற்றொன்று தெரியுமாறும் அமைத்தார். அட்டையைப் பெறுபவரின் கையையும் வேலையில் சேர்த்துக்கொண்ட அமைப்பு அது. கலை நோக்கில் அவருக்கு நாம் தரும் மதிப்பு உயர்ந்தது.

ஆனால் வாசகத்தில் வந்து நாம் தயங்கி நிற்கிறோம். அவருடைய நிறுவனம் 1879இல் வாசகங்களுக்கென்றே ஒரு தொகுப்பை அச்சிட்டது. அட்டையில் உள்ள வரிகள் பிடிக்கவில்லையெனில், வேறு வரிகளைத் தேர்ந்து அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளலாம். வணிகத்திற்கு இது வசதி. ஆனால் இதன் பொருள் என்ன? சரிகை நிலையானது, சொல் மாற்றத்தக்கது. தொடுநயம் முதலில் வந்துவிட்டது. யாருக்கு, எதற்கு என்பது பின்னர்த்தான் வந்தது. 1881இல், நோயுற்ற தந்தையைப் பேணுவதற்காக எஸ்தர் தம் தொழிலை ஜார்ஜ் விட்னி என்பவரிடம் விற்றுவிட்டார் என்று அறிகிறோம். ஆயிரமாயிரம் பேருக்கு அன்பின் அட்டைகளைச் செய்தவர், தம் சொந்த அன்பைச் செலுத்த வேண்டிய வேளை வந்தபோது அட்டை செய்வதை நிறுத்தினார். இதில் ஒரு பாடம் இருக்கிறது. அட்டை அன்பின் அடையாளமே. அன்பு அட்டையைவிடப் பெரிது.

மேசைமேல் கிடந்த ஓர் அட்டை

புடைப்பின் வரலாற்றில் மிக உயர்ந்த நிகழ்ச்சி, அழகுக்காகச் செய்யப்பட்ட எந்த அட்டையிலும் நிகழவில்லை. 1780களில் பாரிசு நகரில் வாலன்டைன் ஹவி என்பவர், தேவாலய வாயிலில் இரந்துண்டு வாழ்ந்த பிரான்சுவா லெசுவர் என்ற பார்வையற்ற இளைஞனைத் தம் முதல் மாணவனாக ஏற்றுக்கொண்டார். ஒருநாள் அம்மாணவன் ஆசிரியரின் மேசையிலிருந்த தாள்களைத் தடவிக்கொண்டிருந்தபோது, ஒரு மரண அறிவிப்பு அட்டையில் அச்சு அழுந்தி மறுபக்கம் புடைத்திருப்பதை உணர்ந்து, ஓர் எழுத்தை விரலாலேயே அறிந்து சொன்னான் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அதிலிருந்து ஹவி புடைப்பெழுத்து நூல்களை அச்சிடத் தொடங்கினார். 1786இல் பார்வையற்றோர் கல்வி குறித்த அவருடைய நூல் அம்முறையில் வெளிவந்தது. அச்சகத்தார் மையிடாத புடைப்பை ஆங்கில வழக்கையொட்டிக் குருட்டுப் புடைப்பு என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தப் புடைப்புதான், பார்வையற்ற ஒருவனுக்கு முதன்முதலில் எழுத்தாயிற்று.

கதை இங்கு முடியவில்லை. ஹவியின் புடைப்பெழுத்துகள் கண்ணால் படிக்கும் எழுத்துகளின் வடிவத்தையே கொண்டிருந்தன. பார்வையுள்ளோர்க்கு அவை அழகாகத் தோன்றின. விரலுக்கோ அவை பெருஞ்சுமை. வளைவுகளையும் கோடுகளையும் தடவித் தடவி ஒவ்வோர் எழுத்தாக அறிய வேண்டியிருந்தது. புத்தகங்களும் பெருத்துக் கனத்தன. 1819இல் அதே பள்ளியில் பத்து வயதில் சேர்ந்த லூயி பிரெயில், சார்லஸ் பார்பியே என்பவர் வகுத்த புள்ளி முறையைத் திருத்தி, ஆறு புள்ளிகளில் எழுத்துகள் அனைத்தையும் அடக்கினார். ஒரு விரல்நுனிக்குள் ஓர் எழுத்து அடங்கிவிடும். 1829இல் அவர் தம் முறையை வெளியிட்டார். கண்ணுக்கு அப்புள்ளிகளில் எந்த அழகும் இல்லை. பார்வையுள்ள ஆசிரியர் பலர் தயங்கினர். 1852இல் பிரெயில் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1854இல், அவருடைய பள்ளி அம்முறையை முறையாக ஏற்றது. இன்று நம் தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் எழுதப்படுகிறது.

ஹவியின் நல்லெண்ணத்தை யாரும் ஐயுற முடியாது. ஆனால் அவர் தம் கண்ணால் எண்ணினார். பிரெயில் பெறுபவரின் விரலால் எண்ணினார். அட்டைக் கலைக்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நாம் அறியோம். இன்றைய புடைப்பட்டைகளுள் பெரும்பாலானவை ஹவியின் எழுத்துகளை ஒத்தவை. அவை தொடுவதற்கென்று செய்யப்பட்டனபோல் தோன்றினாலும், பார்ப்பதற்கே செய்யப்பட்டவை. பார்வை மங்கிய முதியோரைச் சந்திக்கச் செல்லும்போது நாம் கண்டிருக்கிறோம்: அட்டையைக் கையில் கொடுத்ததும் அவர்கள் கட்டைவிரலால் அதன்மேல் தடவுகிறார்கள். நெருக்கமாக நிரப்பிய பூவேலை அவர்கள் விரலுக்கு ஒரு சொரசொரப்பாகவே படுகிறது. வெற்றுத் தாளின் நடுவே தனித்து நிற்கும் ஒரு விண்மீனோ, ஒரு சிலுவையோ, தங்கள் பெயரின் முதலெழுத்தோ தட்டுப்படும்போதுதான் விரல் நின்று யோசிக்கிறது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வரிசைப்படி வகுக்கும்போது, முதலில் வைப்பது தொட்டறியும் அறிவையே. காணும் அறிவு நான்காம் இடத்தில்தான் வருகிறது. புல்லுக்கும் மரத்திற்கும் உரியதாக அவர் கூறிய அந்த முதலறிவு, மனிதருக்கும் முதலாவதாக வந்து, பலருக்குக் கடைசி வரை துணைநிற்பதும் ஆகும்.

நமது அளவுகோல்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, புடைப்புக்கு வெற்றிடம் வேண்டும். எல்லாம் மேடாக இருந்தால் எதுவும் மேடன்று. இரண்டாவது, நிறம் புடைப்புக்கு அடங்கி வர வேண்டும். அல்லது புடைப்பு நிறத்திற்கு அடங்கி வர வேண்டும். இரண்டும் தலைமை கோரும் அட்டையில் வாழ்த்துக்கு இடமிருக்காது. மூன்றாவது, சொல் முதலில் பிறக்க வேண்டும். யாருக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகே மைப்புட்டியைத் திறக்க வேண்டும். நான்காவது, கையால் செய்தது என்பது மட்டுமே சிறப்பாகாது. கோணலான ஓரமும் சிதறிய பொடியும் கைவேலையின் வெதுவெதுப்புக்குச் சான்று என்று சிலர் கூறுவர். அதை நாம் ஏற்பதில்லை. கவனக்குறைவு எந்தக் கையிலிருந்து வந்தாலும் கவனக்குறைவே. மடத்துச் சகோதரியின் வெட்டில் காணும் சிறு வேறுபாடு வேறு. அது முழுக் கவனத்தின் நடுவே மனிதக் கை விட்டுச்செல்லும் சுவடு.

பொருட்செலவு இதற்கெல்லாம் தேவையா என்று கேட்கலாம். நம் நாட்டில் திருமண அழைப்பிதழின் மூலைகளில் மஞ்சள் தடவும் வழக்கத்தை எண்ணிப் பார்ப்போம். அழைப்பிதழ் சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அச்சானதாக இருக்கலாம். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் மஞ்சளைக் குழைத்து, விரலால் தொட்டு, ஒவ்வொரு மூலையிலும் வைக்கிறார். அந்த நிறம் ஓர் அட்டையில் இருப்பதுபோல் மற்றொன்றில் இருப்பதில்லை. காய்ந்தபின் தொட்டால் மெல்லிய பொடி விரலில் ஒட்டும். மிகக் குறைந்த செலவில் நிறமும் தொடுநயமும் ஒருங்கே அமைந்த வேலை இது. இது மங்கலச் செய்தி என்ற பொருளும் அதில் உண்டு. விலையுயர்ந்த பொடியும் கருவியும் வைத்திருப்போர் இந்த எளிய விரல்தடத்திடம் கற்க வேண்டியது மிகுதி.

இறுதியாக, கைவினை அட்டை செய்யும் அன்பர்களுக்கு ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறோம். மையில்லாப் புடைப்பைத் தாளின் பின்புறத்திலிருந்துதான் அழுத்துகிறோம். செய்பவர் பக்கம் பள்ளமாக விழுவது, பெறுபவர் பக்கம் மேடாக எழுகிறது. பிரெயில் எழுதுவோரும் அவ்வாறே, புள்ளிகளைத் தாளின் பின்னிருந்து, வலமிருந்து இடமாகக் குத்துகின்றனர். தாளைத் திருப்பினால்தான் படிக்க முடியும். ஆகவே அட்டையை முடித்ததும் உறைக்குள் இடுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பிடித்து, கண்ணை மூடி, பெறுபவரின் விரலால் தடவிப் பாருங்கள். என்ன சொல்ல நினைத்தீர்களோ, அதில் சிறிதளவேனும் விரலுக்கு எட்டுகிறதா? எட்டவில்லையெனில், இன்னும் ஒரு கைப்பிடி பொடி தூவுவதால் பயனில்லை. சிலவற்றை நீக்குவதாலேயே பயன் விளையும். உங்கள் பங்கில் பார்வையற்றவர் ஒருவர் இருப்பாராயின், வரும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அவர் பெயரை ஆறு புள்ளிகளில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய பிரெயில் தகடும் குத்தூசியும் எளிய கருவிகளே. ஒரு மாலை நேரப் பயிற்சியும் போதும். அந்த அட்டையில் வேறெந்த நிறமும் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.